வேதமும் வழக்கமும்: இறம்பொடைப் பாதையில் ஒரு விசாரணை

மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 7ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு வழக்கு விசாரிக்கப்படுகின்றது. எருசலேமிலிருந்து வந்த பரிசேயரும் வேதபாரகரும், இயேசுவின் சீடருள் சிலர் கைகழுவாமல் உணவருந்துவதைக் கண்டு குற்றஞ் சாட்டினர். முன்னோர் வகுத்த பாரம்பரியத்தை இவர்கள் ஏன் மீறுகின்றனர் என்பது அவர்களது வினா. விடையாக வந்தது ஓர் எதிர்க் குற்றச்சாட்டு. மனிதர் வகுத்த வழக்கத்தைக் காப்பதற்காகக் கடவுளின் கட்டளையைப் புறந்தள்ளியவர்கள் கேள்வி கேட்டவர்களே என்று இயேசு திருப்பிக் கூறினார். அதற்கு அவர் காட்டிய சான்று ‘கொர்பான்’ என்னும் நேர்த்தி முறை.

கொர்பான் என்பது என்ன? பெற்ற தாய்தந்தையரைப் பேணுவதற்கு உரிய பொருளை, இது கடவுளுக்கு நேர்ந்துவிடப்பட்டது என்று மகன் ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டிய கடன் அவனை விட்டு நீங்கிவிடும். பெற்றோரைக் கனம்பண்ண வேண்டுமென்பது பத்துக் கட்டளைகளுள் ஒன்று. அந்தக் கட்டளையைச் செல்லாததாக்குவதற்குச் சமயத்தின் பெயராலேயே ஒரு வழி வகுக்கப்பட்டிருந்தது. கைகழுவுவதில் தொடங்கிய வழக்கு, பசித்த முதியவர்களின் சோற்றில் வந்து முடிந்ததை வாசகர் கவனிக்க வேண்டும். வேதமா, வழக்கமா என்னும் கேள்வியை மதவாதிகள் சடங்குச் சர்ச்சையாகவே நடத்தி வந்திருக்கின்றனர். சுவிசேஷமோ, அந்த வழக்கத்தால் யாருடைய பங்கு யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்கின்றது. தமிழ்க் கிறிஸ்தவத்தின் சரித்திரத்தை இந்தக் கேள்வியோடு வாசிப்பவன் சில விசித்திரங்களைக் காண்பான்.

மதுரையில் 1606ஆம் ஆண்டு வந்திறங்கிய றொபேட் டி நொபிலி துறவிக் கோலம் பூண்டதும், பூணூலும் குடுமியும் சந்தனமும் வெறும் குல அடையாளங்களே, சமய அடையாளங்கள் அல்ல என்று வாதாடியதும், 1623இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரி அதற்கு இசைவளித்ததும் பலரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாத பகுதி பின்னால் வருகிறது. 1704இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதராகிய தூர்னோன் ஓர் ஆணை பிறப்பித்தார். நோயுற்ற பறையர் வீட்டுக்குள் சென்று திருவருட்சாதனம் வழங்க எந்தக் குருவும் மறுத்தல் கூடாது என்பது அதன் கூறுகளுள் ஒன்று. சாகக் கிடக்கும் ஒருவனின் வீட்டு வாசற்படியைக் குரு தாண்ட வேண்டும் என்று ரோமாபுரி தனியே ஆணையிட வேண்டியிருந்தது என்றால், அதற்கு முந்திய நடைமுறை எப்படி இருந்திருக்கும்? நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பின்னர், 1744இல் 14ஆம் ஆசீர்வாதப்பர் வழக்கை முடித்தபோது கண்ட தீர்வு, பறையருக்கென்று வேறு குருமாரை நியமிப்பது. மற்றக் குருமாரின் தீண்டாமை இதனாற் காப்பாற்றப்பட்டது. கட்டளையை மறுக்காமலே கட்டளையிலிருந்து தப்பும் இந்த வித்தையைப் பரிசேயரும் மெச்சியிருப்பர்.

கத்தோலிக்கரைக் காட்டிலும் வேதாகமத்தையே தனிப் பிரமாணமாகக் கொண்டவர்கள் தாமே என்று சொல்லிக்கொண்ட சீர்திருத்த சபையார் செய்தது என்ன? சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தார். எட்டாண்டுக்குள் சுவிசேஷங்களைத் தமிழில் அச்சேற்றத் தொடங்கிவிட்டார். வேதம் குருவின் கையிலிருந்து குடியானவன் கைக்கு வந்தது. அந்த அச்சுப் புத்தகத்தை வாசித்து மனம் மாறியவர்களுள் ஒருவர் இராஜநாயக்கன். தஞ்சை மன்னரின் படையிற் பணிபுரிந்தவர், பறையர் குலத்தவர், பிறப்பாற் கத்தோலிக்கர். புத்தகத்தை வாசித்துத் தாமே முடிவுக்கு வந்து, தரங்கம்பாடிச் சபையிற் சேர்ந்து உபதேசியாரானார். வேதமே பிரமாணம் என்ற கொள்கைக்கு இவரைவிடச் சிறந்த உதாரணம் அந்நாளிற் கிடைத்திராது.

1733இல் இந்தியர் ஒருவருக்கு முதன்முறையாகக் குருப்பட்டம் கொடுப்பதென்று தரங்கம்பாடி மிஷனரிமார் துணிந்தபோது, இராஜநாயக்கனின் பெயரும் ஆராயப்பட்டது. தடையாக நின்றது ஒரே விஷயம். பறையர் ஒருவர் அப்பத்தையும் பாத்திரத்தையும் நீட்டினால், வேளாளர் அதைப் பெற்றுக்கொள்ளத் தயங்குவர். ஆகவே பட்டம் வேளாளராகிய ஆரோனுக்குப் போயிற்று. இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். ஆரோன் தகுதியற்றவர் என்று யாரும் சொல்லவில்லை. நல்ல மனிதர், நன்கு உழைத்தவர். ஆனால் திருவிருந்து மேசையில் யாருடைய கை தீட்டு என்பதைத் தீர்மானித்தது எந்த நூல்? பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அந்தியோகியாவில் நடந்த ஒரு சம்பவம் உண்டு. புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டு வந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சிப் பந்தியை விட்டு விலகினார். பவுல் முகத்துக்கு முகம் நின்று அவரைக் கண்டித்தார். தலைமை அப்போஸ்தலன் என்றும் பாராமற் கண்டித்தார். தரங்கம்பாடியில் அந்த நிருபத்தை மொழிபெயர்த்து அச்சிட்ட அறிஞர்கள், அந்தியோகியாப் பந்தியைத் தங்கள் கோவிலுக்குள்ளேயே மறுபடியும் விரித்து, பேதுருவின் பக்கமே போய் நின்றார்கள்.

ஒரு நூற்றாண்டு இப்படியே கழிந்தது. கோவிலிற் சாதிவாரியாக வேறிடம். ஒரே பாத்திரமாயினும் பருகுவதில் முன்பின் வரிசை. கல்கத்தாவின் ஆயர் டானியேல் வில்சன் 1833 ஜூலையில் எழுதிய சுற்றுநிருபம் இந்த அமைதியைக் குலைத்தது. சாதி வேறுபாட்டைச் சபைக்குள்ளிருந்து ஐயத்துக்கிடமின்றி, உடனடியாக, இனி மீளாதபடி ஒழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். வேப்பேரியிலும் தஞ்சையிலும் அது வாசிக்கப்பட்டபோது பெருந்தொகையானோர் சபையை விட்டு வெளியேறினர்.

வெளியேறியவர்களின் கட்சிக்குக் குரலாக இருந்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் பாளையங்கோட்டையிற் பிறந்து, சுவார்ட்ஸ் பாதிரியாரின் வளர்ப்பிற் கல்வி கற்று, பெத்லகேம் குறவஞ்சி பாடிய பெரும் புலவர். புலவரைப் பற்றி இலக்கிய வரலாறுகள் போற்றி எழுதும்; இந்தப் பக்கத்தை மாத்திரம் விரைவாகத் திருப்பிவிடும். அவ்வாறு திருப்புதல் நியாயமன்று. சுற்றுநிருபத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, 1829 அளவில், இளம் மிஷனரிமாருக்கு எதிராக அவர் அடுக்கிய முறைப்பாடுகள் வாசிக்கத் தக்கவை. பழகிப்போன வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். தமிழ்க் கீர்த்தனைகளையும் இசையையும் கோவிலிலிருந்து அகற்றுகிறார்கள். பண்டிகைகளிற் பூவைத் தடுக்கிறார்கள். சாதிகளைக் கலந்து இருத்துகிறார்கள். முதல் மூன்று முறைப்பாடுகளிலும் புலவர் பக்கம் நியாயம் இருக்கின்றது என்றே நான் கருதுகிறேன். தமிழ்ப் பாட்டையும் பூவையும் கண்டு முகஞ் சுளித்த வெள்ளைப் பாதிரி, தன் நாட்டு வழக்கத்தையே வேதமென்று மயங்கியவன். ஆனால் நான்காவது முறைப்பாடு அதே மனுவில், அதே மையில், அதே உரிமைக் குரலில் வந்து நிற்கின்றது. பண்பாட்டு உரிமை என்ற ஒரே பட்டியலிற் கீர்த்தனையும் இருந்தது, பக்கத்து மனிதனைத் தள்ளியிருத்தும் உரிமையும் இருந்தது. நம் காலத்திலும் பாரம்பரியத்தைக் காக்க வேண்டும் என்ற கூக்குரல் எழும்போதெல்லாம், அந்தப் பட்டியலின் நான்காம் இலக்கத்தில் என்ன இருக்கின்றது என்று பார்ப்பது நல்லது.

சாஸ்திரியார் கட்சியின் முக்கிய வாதம் வன்மையற்றதன்று. சாதி என்பது குலாசாரம், சமூக மரியாதை, சமயத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. இங்கிலாந்தில் பிரபுவும் உழவனும் ஒரே ஆசனத்திலா இருக்கின்றனர்? ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் பின்னர் ஏறக்குறைய இதே வாதத்தை ஏற்றுச் சாதியைச் சமூக வழக்கமெனச் சகித்துக்கொண்டது. ஆங்கில மிஷன்களை விட்டு விலகியவர் பலர் அங்கே போய்ச் சேர்ந்தனர். வாதத்தின் முதற்பகுதி பொய். பிரபுவையும் உழவனையும் பற்றிய இரண்டாம் பகுதியோ மிஷனரிமாரின் தொண்டையிற் சிக்கிய முள். தமிழரிடையே சமபந்தி கோரியவர்கள், தங்கள் சாப்பாட்டு மேசைக்குத் தமிழ் உபதேசியாரை அழைத்தது அரிது.

இந்த முள்ளை ஆழமாகக் குத்தியவர் திருநெல்வேலிச் சீமையின் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை. நாடார் சமூகத்தைப் பற்றி 1849இற் கால்டுவெல் எழுதிய நூல் அச்சமூகத்தினரை இழிவுபடுத்தியது என்ற கொதிப்பும், மிஷனரிமாரோடு ஏற்பட்ட பிணக்கும் சேர்ந்து, 1857இற் பிரகாசபுரத்தில் ஐரோப்பியருக்குக் கீழ்ப்படாத தனிச் சபை ஒன்றை அவர் தோற்றுவித்தார். அவர் கையாண்ட ஆயுதம் வேதாகமமே. வேதத்தில் ஓய்வுநாள் சனிக்கிழமை. ஞாயிறு எங்கிருந்து வந்தது? வேதத்திற் தூபமும் எக்காளமும் உண்டு. அவற்றை நீக்கச் சொன்னவர் யார்? நீங்கள் வேதமென்று எங்களுக்குப் போதித்ததிற் பாதி உங்கள் ஊர் வழக்கம் என்று அவர் காட்டினார். பரிசேயரை நோக்கி ஒருகால் வீசப்பட்ட கேள்வி, மிஷன் பங்களாவின் வாசலுக்கே வந்து சேர்ந்தது. ஐரோப்பியரின் வழக்கத்தைத் தோலுரித்த அந்தக் கூர்மை, நாடாருக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தவர்களின் நிலையை நோக்கித் திரும்பவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வடக்கன்குளத்துக் கோவிலின் கதை தமிழகத்தில் நன்கறிந்தது. 1872இற் கட்டப்பட்ட அந்தக் கத்தோலிக்க ஆலயம், ஒரே பீடத்தில் வந்து கூடும் இரு தனி மண்டபங்களாக, நடுவே தடுப்போடு எழுந்தது. ஒன்று வேளாளருக்கு, மற்றது நாடாருக்கு. பீடத்தில் நின்ற குருவுக்கு மாத்திரம் இரு பக்கமும் தெரியும். 1910இற் கௌசானல் சுவாமி அந்தத் தடுப்பை இடித்தார். வேளாளர் வழக்காடினர், சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றும் அவர்கள் கேட்ட தனியுரிமை கிடைக்கவில்லை. சுவர் எழுந்த காலத்தில் அதற்குச் செங்கல் அடுக்கியதும் திருச்சபை, இடித்ததும் திருச்சபை. இந்தியக் குடியரசு 1950இற் பிறப்பித்த ஆணையோ, கிறிஸ்தவராகிய தாழ்த்தப்பட்டோரை அட்டவணைச் சாதியினர் பட்டியலிற் சேர்க்கவில்லை. 1956இற் சீக்கியருக்கும் 1990இற் பௌத்தருக்கும் திறந்த கதவு கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. வேதத்திற் சாதி இல்லை என்ற உண்மையே, சாதியாற் துன்புற்றவனுக்கு எதிரான சான்றாகக் கோப்பில் ஏறிற்று.

இனி மலையேறுவோம். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் பாதை இறம்பொடையில் நீர்வீழ்ச்சிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறுகின்றது. இன்று அந்த வளைவுகளிற் தேயிலை விற்பனை நிலையங்களும் உல்லாசப் பயணிகளும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது கோப்பிச் சீமை. அந்தக் கோப்பிக் காடுகளை வெட்டித் திருத்தியவர்கள் திருச்சி, தஞ்சை, மதுரை, திருநெல்வேலி, சேலம் பகுதிகளிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்கள். பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர். கங்காணி தன் ஊரிலிருந்தே ஆள்கட்டி வந்தான். ஆகவே ஊரின் சாதி வரிசையும் கடல் தாண்டி வந்து லயங்களில் வரிசையாகக் குடியேறியது. இன்ன சாதிக்கு இன்ன லயம். இன்ன பீலியில் இன்னார் தண்ணீர் பிடிக்கலாம். துரைக்கு இது வசதி. பிளவுபட்ட லயம் ஒன்றுபட்டுப் பங்களாவுக்கு வராது.

இந்த மக்களிடையே பணிபுரிய 1854இல் தொடங்கப்பட்டது சி. எம். எஸ். சங்கத்தின் ‘தமிழ்க் கூலி மிஷன்’. பெயரைப் பாருங்கள். உலகத்தில் வேறெந்தத் திருச்சபையாவது தன் மந்தையை அவர்கள் வாங்கும் கூலியின் பெயரால் அழைத்திருக்குமா? திருநெல்வேலியிற் பணியாற்றிய செப்டிமஸ் ஹொப்ஸ் பொறுப்பேற்க வந்தார். அங்கிருந்தே உபதேசிமாரும் வந்தனர். திருநெல்வேலிச் சபையிற் பெருந்தொகையினர் நாடார்; லயத்திற் கேட்டிருந்தவர்களோ அவர்களுக்கும் கீழாக ஊரில் வைக்கப்பட்டவர்கள். அந்த இடைவெளியைக் கடந்து அவர்கள் மலை மலையாக நடந்தனர். லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்களுள் அவர்கள் முன்னோடிகள். அந்த உழைப்பை இகழ்வது நன்றிகேடு. ஆனால் அவர்களது சம்பளம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி, தோட்டத் துரைமாரின் சந்தாவிலிருந்து.

இவ்விடத்திலேதான் கொர்பான் நினைவுக்கு வருகின்றது. உபாகமம் 24ஆம் அதிகாரம் கூலியாளைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகின்றது: அவன் ஏழை, அவன் கூலியை அன்றைய பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும், சுதேசியாயினும் அந்நியனாயினும் சட்டம் ஒன்றே. லேவியராகமம், கூலி ஓர் இரவு முழுவதும் முதலாளியிடம் தங்குதல் கூடாது என்கின்றது. யாக்கோபின் நிருபம், பிடித்துவைக்கப்பட்ட அறுவடைக் கூலி வயலிலிருந்து கூக்குரலிடுவதாகச் சொல்லுகின்றது. இவற்றுள் வியாக்கியானம் வேண்டும் வசனம் ஒன்றுமில்லை, சிறுபிள்ளைக்கும் விளங்கும்.

மலைநாட்டின் வழக்கம் என்ன? கோப்பிக் காலத்திற் கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நிற்பது சாதாரணம். 1870களின் பிற்பகுதிமுதல் இலைநோயால் கோப்பி அழியத் தொடங்கியதும், நட்டத்தின் பாரம் முதலில் விழுந்தது அந்த நிலுவையின் மேல். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுப் போகும் தொழிலாளி சிறைக்குப் போவான்.  முறைப்பாடுகள் பெருகிய பின்னர் வந்த 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம், ஒரு மாதத்துக் கூலியை அம்மாதம் முடிந்து 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றது. அது சீர்திருத்தமாகக் கருதப்பட்டது! பொழுது சாய்வதற்குள் என்று வேதம். அறுபது நாளைக்குள் என்று கிறிஸ்தவ அரசின் சட்டம். இடைப்பட்ட நாட்களிற் தொழிலாளி கங்காணியிடம் கடன்பட்டான், கடன் ‘துண்டு’ச் சீட்டில் ஏறியது, அந்தத் துண்டோடு அவன் ஒரு தோட்டத்திலிருந்து மறுதோட்டத்துக்குக் கைமாறினான். 1921இற் சட்டம் தலையிடும்வரை துண்டு முறை நீடித்தது.

ஆகவே, சந்தாப் பட்டியலையும் சம்பளப் பட்டியலையும் பக்கத்திற் பக்கம் வைத்து வாசிக்க வேண்டும். தொழிலாளிக்கு உரிய பொருளின் ஒரு துணுக்கு, கடவுளுக்கு நேர்ந்ததாக மிஷனின் கணக்கிற் சேர்ந்தது. உரியவனின் பங்கு நிலுவையில் நின்றது. ஒவ்வொரு துரையும் இதைத் தெரிந்தே செய்தான் என்று நான் சொல்லவில்லை. கொர்பான் நேர்ந்த மகனும் தன்னைப் பக்திமான் என்றே எண்ணியிருப்பான். சம்பளம் தருவோரின் பெரட்டுக்களத்தில் நின்று, உபாகமத்தின் அந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்க உபதேசியாரால் எப்படி முடியும்? எஜமானுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் நிருபத்தின் வசனத்துக்கு அங்கே தடை இருந்திராது. வேதத்தை நேரடியாக மறுத்து ஒழிப்பது அரிது. எந்தப் பக்கத்தைத் திறப்பது, எந்தப் பக்கத்தை மூடிவைப்பது என்பதிலேதான் வழக்கம் தன் ஆட்சியை நடத்துகின்றது.

இதே மிஷனைச் சுற்றி ஒரு பெரும் போர் மூண்டது, கூலியைப் பற்றியன்று. முப்பது வயதிற் கொழும்பு ஆயராக வந்த றெஜினால்ட் கொப்பிள்ஸ்ரன், 1876இல், தமிழ்க் கூலி மிஷன் யாருடைய அதிகாரத்தின் கீழ் இயங்குவது என்ற பிணக்கு முற்றி, சி. எம். எஸ். மிஷனரிமாரின் உரிமப் பத்திரங்களை மீட்டுக்கொண்டார். அப்போஸ்தலர் வழிவந்த ஆயரின் ஆளுகையே சபையின் ஒழுங்கு என்பது ஒரு கட்சி. வேதத்தில் இல்லாத சடங்காடம்பரமும் குருத்துவ அகந்தையும் சபைக்குள் நுழைகின்றன என்பது மறுகட்சி. பாரம்பரியமா, வேதமா என்ற சொற்களாலேயே இரு கட்சியினரும் பொருதினர். இங்கிலாந்தின் பேராயர்களும் ஆயர்களும் கூடிக் கருத்துரைத்த 1880ஆம் ஆண்டுவரை சச்சரவு தொடர்ந்தது. அதே 1876 தொடங்கி 1878வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். எலும்பும் தோலுமாய் மக்கள் மன்னார்க் கரையில் வந்திறங்கிய ஆண்டுகள் அவை. 1878இல் டிக்கோயாவில் வார்லி ஆலயம் துரைமாருக்காக அழகுற எழுந்தது. கொப்பிள்ஸ்ரன் அறிஞர், பாளி மொழி கற்றுப் பௌத்தத்தைப் பற்றி நூல் எழுதியவர். அவரையும் எதிர்க்கட்சியினரையும் பிரித்த விஷயங்களுள் லயத்தின் நிலுவை இடம்பெறவில்லை. அந்த ஒன்றில் ஆயருக்கும் மிஷனரிமாருக்கும் அபிப்பிராய பேதமே எழவில்லை.

மூடிவைத்த பக்கங்களைத் திறந்தவர்கள் பிற்காலத்தில் வந்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றோராக்கி ஒரு தலைமுறை கழிந்த பின்னர், 1972இல், யேசு சபைக் குருவாகிய போல் கஸ்பேஸ் கண்டியிற் சத்தியோதய நிலையத்தை அமைத்தார். சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் அங்கே சேர்ந்திருந்து தோட்ட மக்களின் கூலி, குடியிருப்பு, குடியுரிமை ஆகியவற்றை ஆராய்ந்தனர். 2017இல் மறையும்வரை அவர் அந்த வேலையை விடவில்லை. மதமாற்றக் கணக்கு அங்கே கேட்கப்படவில்லை.

தோட்டங்கள் 1972லும் 1975லும் நிறைவேறிய நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுக்குப் போயின. 1992இற் கம்பனிகளின் நிர்வாகத்துக்குத் திரும்பின. நாளொன்றுக்கு 1,000 ரூபா வேண்டுமென்று தொழிலாளர் பல ஆண்டுகள் போராடினர். 2021 மார்ச்சில் வர்த்தமானி அறிவித்தலாக அது வெளிவந்தபோது, தோட்டக் கம்பனிகள் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றன.